செம்மண் நிலமும் சாம்பல் சத்தும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாக நிலக்கடலை பயிராகி வருகிறது. அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்கி, காய்களை ஆய்ந்தெடுத்து, கொடியைக் கால்நடைத் தீவனமாகச் சேமித்து வைப்பது உழவர்களின் வழக்கம். இவ்வாறு நிலத்தை விட்டு வெளியேறும் ஊட்டங்களுள் ஒன்று, சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம். அதன் பெரும் பகுதி பருப்பில் அன்றிக் கொடியிலேயே தங்கியுள்ளது. எடுத்ததைத் திருப்பித் தராவிடில் மண் வறுமையடையும்.

பயிரில் அதன் பணி

தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிரின் உடற்கூறுகளாக மாறுகின்றன. பொட்டாசியமோ உயிரணுச் சாற்றில் அயனியாகவே இருந்து பணிபுரிகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நொதிகளை அது தூண்டுகிறது. இலையில் உருவாகும் சர்க்கரை காய்களைச் சென்றடைய உதவுகிறது. இலைத்துளைகள் திறப்பதையும் மூடுவதையும் நெறிப்படுத்தி, நீர் வீணாவதைத் தடுக்கிறது. மழை அடிக்கடி பொய்க்கும் இராயலசீமையில் இப்பணி தனிச் சிறப்புடையது.

இச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலைகளின் ஓரங்கள் மஞ்சளாகிப் பின்னர்க் கருகும். ஆனால், இந்த அறிகுறி தோன்றுவதற்கு முன்னரே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். எனவே, கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது.

மனிதனுக்கும் பொட்டாசியம் இன்றியமையாதது. வயது வந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பெற வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பருப்பு வகைகள், கீரை, வாழைப்பழம், இளநீர், நிலக்கடலை ஆகியவை இதனை அளிக்கின்றன. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் கூறும் அளவையே கொள்ள வேண்டும்.

மண்ணின் இருப்பு

மண்ணிலுள்ள பொட்டாசியத்தில் 90 விழுக்காட்டிற்கு மேல் கனிமங்களுக்குள் அடைபட்டுள்ளது. பயிர் உடனே பெறக்கூடியது ஓரிரு விழுக்காடே. இம்மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் மணல் கலந்த செம்மண்ணில் களியின் அளவு குறைவு. ஆதலால் ஊட்டங்களைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் குறைவு. மண் பரிசோதனையில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 120 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 280 கிலோவுக்கு மேல் இருந்தால் மிகுதி என்றும் பொதுவாகக் கொள்வர்.

திருப்பதி வட்டார வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1981ஆம் ஆண்டு மானாவாரி நிலக்கடலையில் நீண்டகால உரச் சோதனை தொடங்கப்பட்டது. உரமிடாத பாத்தி, தொழு உரம் இட்ட பாத்தி, இரசாயன உரங்களைத் தனித்தும் சேர்த்தும் இட்ட பாத்திகள் எனப் பிரித்து ஒப்பிடுவது அதன் முறை. ஓராண்டு விளைச்சலில் புலப்படாத மண்ணின் தேய்வைப் பல்லாண்டுச் சோதனையே காட்ட வல்லது.

சமநிலை ஏன் குலைகிறது?

இந்தியா தனக்குத் தேவையான மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தை இறக்குமதி செய்கிறது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் மீதிருந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவின் கட்டுப்பாடு தொடர்ந்தது. விலை உயர்ந்ததும் உழவர் முதலில் குறைத்துக்கொண்டது இவ்விரு உரங்களையே. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்திலும் யூரியா சேர்க்கப்படவில்லை. மலிவான உரத்தை மிகுதியாக இடும் போக்கு இதனால் நீடிக்கிறது.

மிகுதியும் தீமையே. காய் பிடிக்கும் மண்ணடுக்கில் பொட்டாசியம் அளவு மீறினால், காய்கள் சுண்ணாம்புச் சத்தை ஈர்ப்பது தடைபட்டுப் பொக்குக் காய்கள் பெருகும். பூக்கும் தருணத்தில் ஜிப்சம் இடுவது சுண்ணாம்புச் சத்தை அளித்து இதனைத் தவிர்க்க உதவும்.

செய்யத்தக்கவை

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் பரிந்துரைப்படி உரமிடுதல் முதற்படியாகும். மியூரியேட் ஆப் பொட்டாஷில் 60 விழுக்காடு சாம்பல் சத்து உள்ளது. 20 கிலோ சத்து தேவையெனில் 33 கிலோ உரம் போதும். கொடியைத் தின்னும் மாடுகள் அதிலுள்ள பொட்டாசியத்தின் பெரும் பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. தொழுவத்தில் சருகு பரப்பி அதனை ஊறவைத்து எருக்குழியில் சேர்த்தால், நிலத்திற்குரியது நிலத்தையே அடையும். சாணத்தை மட்டும் சேர்த்துச் சிறுநீரை வீணாக்கினால், இறக்குமதியாகும் உரத்தையே அதற்கு ஈடாக வாங்க நேரும். விரிவாக்கப் பணியாளர்கள் உழவர்களிடம் முதலில் எடுத்துரைக்க வேண்டிய செய்தி இதுவே.