பால்வீதியைப் பார்க்க எங்கே போகலாம்?

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் பத்து நட்சத்திரம்கூடத் தெரிவதில்லை. பால்வீதியைப் பார்க்கத் தொலைநோக்கி வாங்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: வேண்டாம், அந்தக் காசில் பஸ் ஏறுங்கள். நகர விளக்கொளி தூசியிலும் ஈரக் காற்றிலும் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கிறது. அதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். அங்கே காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குவதே அந்த மலையின் இருட்டை நம்பித்தான். மார்ச், ஏப்ரல் அமாவாசையை ஒட்டி, விடியற்காலை நாலு மணிக்குத் தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் வளைந்த கொடுக்கை ஒட்டிப் பால்வீதி வெளிறிய புகைபோலக் கிடக்கும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும்; நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து! டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.