தண்ணீரால் பெற்றோல் மிச்சமா? சோதித்துப் பார்ப்போம்

எரிபொருளின் அருமை அறிந்தவர்கள் நாம். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2022 இல் நாடு முழுவதுமே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. எனவே, "இந்த ஐதரசன் கருவியைக் காரிலோ பம்பிலோ பூட்டினால் செலவு பாதியாகும்" என்று ஒருவர் சொன்னால் எமது மனம் அசைவது இயல்பே. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையில் இருப்பது விதைக்கும் உரத்துக்கும் வைத்த காசு. கொடுக்குமுன் கணக்குப் பார்ப்போம்.

கருவி செய்வது என்ன?

கோஸ்ரிக் சோடா கலந்த தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும். அவ்வாயு எஞ்சினுக்குள் சென்று பெற்றோலுடன் எரியும். இதில் பொய்யில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. பற்றரியை நிரப்புவது டைனமோ. டைனமோவைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது பெற்றோல்.

வரவு செலவு

12 வோல்ற்றில் 20 அம்பியர் இழுக்கும் ஆறு அறைக் கருவி மணித்தியாலத்துக்குச் சுமார் 50 லீற்றர் ஐதரசன் தரும். அதன் சக்தி ஏறத்தாழ 17 மில்லிலீற்றர் பெற்றோலுக்கே சமம். அந்த மின்சாரத்தை உண்டாக்க எஞ்சின் குடிப்பதோ 150 முதல் 200 மில்லிலீற்றர். பத்துக் கொத்து விதைத்து ஒரு கொத்து அறுப்பது போன்றது இது.

"வாயு சேர்ந்தால் பெற்றோல் முழுதாக எரியும்" என்பார்கள். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் 100 இல் 95 பங்குக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 1970 களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட எரிபொருட் சிக்கனக் கருவிகளை ஆராய்ந்தது. மிகச் சிலவே சிறிதளவேனும் பயன் தந்தன. தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்ரான்லி மேயர், பணம் போட்டவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென 1996 இல் ஒகாயோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாமே சோதிக்கும் முறை

1. ரயர்க் காற்று, காற்று வடிகட்டி, பிளக் ஆகியவற்றை முதலில் சீர்செய்க. இல்லாவிடில் அவற்றால் வந்த மிச்சம் கருவியின் பெயரில் சேரும்.
2. தாங்கியை விளிம்புவரை நிரப்புக. ஒரே பாதை, ஒரே சுமை, ஒரே சாரதி. குறைந்தது 100 கிலோமீற்றர் ஓடி, மீண்டும் அதே விளிம்புவரை நிரப்பி, ஊற்றிய அளவை எழுதுக.
3. கருவியை இயக்கி மூன்று முறை, நிறுத்தி மூன்று முறை, மாறிமாறிச் செய்க. எது எப்போது என்பது சாரதிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கால் தானாகவே மெதுவாக மிதிக்கும்.
4. பம்பானால், அளந்த ஒரு லீற்றருக்கு எத்தனை நிமிடம் ஓடி எத்தனை பீப்பா தண்ணீர் இறைத்தது என எண்ணுக.

விற்பவர் இச்சோதனைக்கு மறுத்தால், அதுவே விடை.

எச்சரிக்கை: இவ்வாயு சிறு பொறியிலும் வெடிக்கும். கோஸ்ரிக் சோடா கண்ணையும் தோலையும் எரிக்கும். பிள்ளைகள் நடமாடும் முற்றத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பது விசுவாசக் குறைவன்று. தெசலோனிக்கருக்கு எழுதிய புனித பவுலும் அதையே கேட்டார்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் சோதிக்காமல் வாங்கிய பொருட்கள் எவை?
2. அடுத்த முறை யார் அளப்பது, யார் எழுதுவது?