ஷெல் ஸ்கிரிப்டில் 'வால் பெயர்' – ஓர் அனுபவப் பாடம்



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கம்ப்யூட்டர் வேலை எதுவானாலும், "தம்பிகிட்ட குடு" என்று என்னிடம் வந்துவிடும். அக்கா கல்யாண வீடியோக்களும் அப்படித்தான் வந்தன. சிலது ஏவிஐ, சிலது எம்ஓவி. டிவியில் பாதி ஓடவில்லை. எல்லாவற்றையும் எம்பி4 ஆக்க பாஷ் ஷெல்லில் ஒரு 'ஃபார்' லூப் எழுதினேன். மாற்றிக் கொடுப்பது எஃப்எஃப்எம்பெக். 2000-ல் ஃபெப்ரிஸ் பெல்லார் தொடங்கிய இலவச மென்பொருள்.

பைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதே எக்ஸ்டென்ஷன், அதாவது வால். நெளி அடைப்புக்குள் மாறியின் பெயரை அடுத்து %.* போட்டால் வால் வெட்டுப்படும். ##*. போட்டால் வால் மட்டும் மிஞ்சும். %% என்று இரண்டு போட்டுவிடாதீர்கள், 'தாலி.பகுதி1.ஏவிஐ' வெறும் 'தாலி' ஆகிவிடும். பெயரில் இடைவெளி இருக்கலாம் என்பதால் மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்து வால் வேறு, சின்ன எழுத்து வால் வேறு. இரண்டையும் பிடிக்க 'நோகேஸ்குளோப்' வசதியை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தேன். ஆனாலும் தவறு நடந்தது. 'ஆசீர்வாதம்.ஏவிஐ', 'ஆசீர்வாதம்.எம்ஓவி' என்று இரண்டு கேமராவில் எடுத்த இரண்டு பைல்கள். வாலை வெட்டியதும் இரண்டும் 'ஆசீர்வாதம்.எம்பி4' ஆகிவிட்டன. கேள்வி கேட்காமல் ஓடட்டுமே என்று '-ஒய்' போட்டிருந்தேன். முதலாவதின் மேல் இரண்டாவது எழுதப்பட்டுவிட்டது. கடைசி வரி பழைய பைல்களையும் அழித்துவிட்டது. போனது, பாட்டி அக்கா தலையில் கைவைத்து வாழ்த்திய காட்சி. பாட்டி இப்போது இல்லை. வேறு நகலும் இல்லை.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் நடந்ததைச் சொன்னதும், "ரெண்டு பேருக்கு ஒரே பேர் வச்சா ஆளு ஒண்ணாயிடுமாடா?" என்றார். எனக்கு லேபில் தோன்றாதது அது!

ஆகவே நண்பர்களே,

1. பழைய வாலையும் புதுப் பெயரில் சேருங்கள்: 'ஆசீர்வாதம்_ஏவிஐ.எம்பி4'.
2. '-ஒய்' வேண்டாம், '-என்' போடுங்கள். இருக்கும் பைலின் மேல் எழுதாது.
3. அழிக்கும் வரியை அதே ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். புதிய பைலைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு கையால் அழியுங்கள்.

இந்த மூன்று வரி என்னிடம் அன்றைக்கு இல்லை. உங்களிடம் இருக்கட்டும்.