தீத் தடுப்புத் திட்டம் வரைபவருக்கு யார் தந்த அங்கீகாரம்?

கேள்வி: நாங்கள் கொல்லிமலை, திண்ணனூர் நாட்டைச் சேர்ந்தவர்கள். தூரத்து ஊர்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்காக எங்கள் அறக்கட்டளை ஒரு விடுதி கட்ட ஆரம்பித்திருக்கிறது. தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும், சமையற்கூடம் தரைத்தளத்தில். மலைக்குக் கீழேயுள்ள நகரத்திலிருந்து ஒருவர் வந்து, தாம் அரசாங்க அங்கீகாரம் பெற்ற தீப் பாதுகாப்பு ஆலோசகர் என்று சொல்லி, ஒரு பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் நகலைக் காட்டினார். அபாய மணி, தண்ணீர்க் குழாய், தீயணைப்பான் எல்லாவற்றுக்கும் தாமே வரைபடம் போட்டுத் தருவதாகவும், தம் கையெழுத்து இருந்தால் தீயணைப்புத் துறையில் ஒரு கேள்வியும் வராது, பிறகு பொறுப்பெல்லாம் தம்முடையது என்றும் கூறி முன்பணம் கேட்கிறார். எங்கள் கட்டடப் பொறியாளரோ அப்படி ஓர் அங்கீகாரமே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? பணம் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், திண்ணனூர் நாடு

பதில்: உங்கள் பொறியாளர் கூறுவதே பெரும்பாலும் சரி, வந்தவர் கூறிய மூன்று வார்த்தைகளில், பொறுப்பெல்லாம் இனித் தம்முடையது என்ற கடைசி வார்த்தை சட்டத்தின் முன் அறவே நில்லாதது. ஆகையால் முன்பணம் கொடுப்பதைச் சற்று நிறுத்திவையுங்கள்.

அங்கீகாரம் என்பது என்னவென்று முதலில் பார்ப்போம். எங்கள் வழக்கறிஞர் தொழிலுக்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இருக்கிறது. அதன்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாத ஒருவர் நீதிமன்றத்தில் தொழில் நடத்த இயலாது. உங்கள் விடுதியில் மின்கம்பி இழுப்பதற்குக்கூட உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வேண்டுமென்று மின்பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. ஆனால், பிள்ளைகள் உறங்கும் ஒரு கட்டடத்தில் புகை எழுந்தால் எந்த மணி எங்கே ஒலிக்க வேண்டும், எந்தக் கதவு எந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு நேரம் எந்த வேகத்தில் வர வேண்டும் என்று கணக்கிட்டு வரைகின்ற மனிதருக்கு இன்ன படிப்பும் இன்ன அனுபவமும் இருந்தே தீர வேண்டும் என்று விதித்து, அவர் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி, தவறினால் அதிலிருந்து நீக்கக்கூடிய அதிகாரத்தை ஒரு மன்றத்துக்குத் தந்திருக்கும் மத்தியச் சட்டம் நம் தேசத்தில் இன்றுவரை இல்லை. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம், 1985, அந்தத் துறையின் அமைப்பையும் அதன் அதிகாரிகளின் அதிகாரங்களையும் பற்றியது. திட்டம் வரைபவரின் தொழிலை ஒழுங்குபடுத்தும் நோக்கத்தோடு இயற்றப்பட்டதன்று. இது பெரிய குறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

பட்டம் வேறு, அதிகாரம் வேறு என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றை இங்கே காட்டுவது பொருந்தும். கட்டடக் கலைஞர்கள் சட்டம், 1972, தன் 37-ஆவது பிரிவில், பதிவு பெறாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. 2020 மார்ச் 17 அன்று கட்டடக் கலை மன்றத்துக்கும் முகேஷ் கோயல் என்பவருக்கும் இடையிலான வழக்கில், அந்தப் பிரிவு பெயரை மட்டுமே காக்கிறது, கட்டடம் வடிவமைக்கும் தொழிலையே மற்றவர்களுக்குத் தடை செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பெயருக்காவது காப்புள்ள தொழிலின் நிலையே இதுவானால், பெயருக்கும் காப்பில்லாத தீப் பாதுகாப்பு ஆலோசகரின் சான்றிதழ் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பயிற்சி நிலையத்தின் சான்று, அவர் அங்கே படித்தார் என்பதற்குச் சாட்சி. அதற்குமேல் ஒன்றுக்கும் சாட்சியன்று.

இதனால் யோக்கியதையுள்ளவர்களே இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1950-களிலிருந்து ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறது. தீப் பொறியியலில் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. 1920-இல் தோன்றி 1935-இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர்கள் கழகம் ‘சார்ட்டர்டு எஞ்சினியர்’ என்ற தகுதியை அளிக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016, தன் நான்காம் பாகம் முழுவதையும் தீயிலிருந்து உயிர்காப்பதற்கென்றே ஒதுக்கியிருப்பதோடு, இரண்டாம் பாகத்தில் பலவகை நிபுணர்களின் தகுதிகளைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் அந்தத் தொகுப்பு தானே சட்டமாகாது. மாநில விதிகளோ நீதிமன்ற உத்தரவோ எடுத்தாளும்போதுதான் அதற்குக் கட்டாயப்படுத்தும் வலிமை வருகிறது.

வந்தவரிடம் உள்ளது மகாராஷ்டிர உரிமமா என்பதையும் பாருங்கள். அம்மாநிலத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், உரிமம் பெற்ற முகமைகளே தீப் பாதுகாப்பு அமைப்புகளைப் பொருத்தவும் பராமரிக்கவும் வேண்டுமென்று விதித்து, அவை நல்ல நிலையில் இருப்பதற்கு ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் சான்று தரச் செய்கிறது. நல்ல ஏற்பாடு; ஆனால் அந்த உரிமம் மலையேறி நாமக்கல் மாவட்டத்துக்குள் செல்லாது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி மேலே சென்று, திட்டத்தைத் தகுதி பெற்ற நபர் ஒருவரே சமர்ப்பிக்க வேண்டும், முடிந்த வேலையைப் பதிவு பெற்ற ஆய்வாளர் பார்வையிட வேண்டும் என்று சட்டமே வகுத்திருக்கிறது. இங்கிலாந்தோ வெகுகாலம் இதை அலட்சியம் செய்தது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்ட பிறகு, அதை விசாரித்த ஆணையம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையில்தான், தீப் பொறியாளர் என்ற பெயரையும் தொழிலையும் சட்டத்தால் காக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இனிப் பொறுப்பைப் பற்றி. இதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். 1997 ஜூன் 13 அன்று தில்லியின் உப்கார் திரையரங்கில் நேர்ந்த தீவிபத்தில் 59 பேர் இறந்தார்கள். அங்கே உரிமம் கொடுத்த அதிகாரிகள் இருந்தார்கள். ஆய்வு செய்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டைப் பங்கிட்டபோது, 85 சதவீதத்தைத் திரையரங்கின் உரிமைதாரர் மீதும் 15 சதவீதத்தை மின்வாரியத்தின் மீதும் சுமத்தி, உரிமம் வழங்கிய அதிகாரத்தையும் மாநகராட்சியையும் அந்தச் சுமையிலிருந்து விடுவித்தது. உத்தரவு கொடுத்த அரசாங்கமே தப்பிய இடத்தில் இடத்துக்குரியவர் தப்பவில்லை என்றால், தனிமனிதர் ஒருவர் ‘பொறுப்பெல்லாம் என்னுடையது’ என்று வாயால் சொல்வதை நம்பி நீங்கள் நிம்மதியாக இருக்க முடியுமா? அவர் பொறுப்பு உங்கள் பொறுப்போடு சேருமேயன்றி, உங்களுடையதைக் குறைக்காது. உயிர்ச்சேதம் நேர்ந்தால் பாரதீய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சேதம் நேராமலே, தீயின் விஷயத்தில் அஜாக்கிரதையாக நடந்து பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது 287-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகும்.

கும்பகோணத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அந்த வழக்கில் பள்ளியை நடத்தியவர்களோடும் அதிகாரிகளோடும் பொறியாளர் ஒருவரும் குற்றம் சாட்டப்பட்டு நின்றார்; 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் பலரை விடுவித்தது என்றாலும், பிள்ளைகளை இழந்த பெற்றோர் நீதிமன்ற வாசலில் கழித்த வருஷங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. அந்தத் துயரத்தை ஒட்டி எழுந்த அவினாஷ் மெஹரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் அடங்கும் என்று கூறி, பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளுக்கு இணங்கியிருப்பதை உறுதி செய்த பின்னரே அரசாங்கங்கள் அங்கீகாரம் அளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. உங்களுடையது பள்ளியன்று, விடுதி என்று ஒருவர் வாதிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் உறங்கும் இடத்துக்கு அந்த நெறி பொருந்தாது என்று சொல்லும் நீதிபதியை நான் எதிர்பார்க்கவில்லை. தவிரவும், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் நீங்கள் உரிமம் பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதே உயரமான கட்டடம் எனப்படுகிறது. உங்கள் கட்டடம் அந்த உயரத்தைத் தொடாது. அதனால் தீப் பாதுகாப்பே வேண்டாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதி, தனியார் ஆலோசகர்களைத் துறை அங்கீகரிக்கிறதா, அங்கீகரித்தால் எந்த உத்தரவின்படி, இன்னாருடைய பெயர் அதில் உள்ளதா என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலே உங்கள் கையில் நல்ல ஆவணமாகும். அதற்குள் வந்தவரிடம், இதற்குமுன் அவர் திட்டமிட்டு முடித்த விடுதிகளின் விலாசங்களைக் கேட்டு நேரில் போய்ப் பாருங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். மணியும் உணர்கருவிகளும் ஐ.எஸ். 2189-இன்படி, தீயணைப்பான்கள் ஐ.எஸ். 2190-இன்படி, உட்புறத் தண்ணீர்க் குழாய் அமைப்பு ஐ.எஸ். 3844-இன்படி என்று ஒவ்வொன்றுக்கும் எந்த இந்திய நியமத்தை அனுசரித்தார் என்பதை அவர் வரைபடத்திலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். கணக்கீடுகளின் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். துறை குறை சொன்னால் கூடுதல் கட்டணமின்றித் திருத்தித் தருவதும், அவர் பிழையால் உங்களுக்கு வரும் நஷ்டத்தை ஈடுசெய்வதும் ஷரத்துகளாக வேண்டும். பணம் தவணையாக, கடைசித் தவணை துறையின் ஆய்வு முடிந்த பிறகே. ‘எங்கே கையெழுத்துப் போட வேண்டும்’ என்று சிரித்த முகத்தோடு கேட்பவர் வேலை தெரிந்தவராக இருக்கலாம். ஷரத்துகளைக் கண்டு பின்வாங்குபவரைப் போகவிடுங்கள்.

அவர் வேலை தெரிந்தவரா என்பதை நீங்களே ஓரளவு அறிய வழியுண்டு. மலையின் மூடுபனி திறந்த தாழ்வாரத்துக்குள் புகுவதும், புகை உணர்கருவி பனியையும் சமையல் ஆவியையும் புகையென்று கொண்டு பொய்யாக மணியடிப்பதும், நாலு முறை பொய்யாக ஒலித்த மணியை ஐந்தாம் நாள் விடுதிக் காப்பாளர் நிறுத்திவைத்துவிடுவதும் நடக்கக்கூடியவை. எனவே எந்த இடத்தில் புகை உணர்கருவி, எந்த இடத்தில் வெப்ப உணர்கருவி என்று அவர் காரணத்தோடு சொல்ல வேண்டும். கோடையில் உங்கள் கிணறு எவ்வளவு தண்ணீர் தரும் என்று அவர் கேட்டாரா? காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்து வண்டிகள் வந்துசேரும் வரை, பிள்ளைகளைக் காக்க வேண்டியது கட்டடத்துக்குள் இருக்கும் ஏற்பாடுதான் என்பதை அவர் திட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறதா? பெண் பிள்ளைகளின் விடுதி என்பதால் இரவில் கதவை வெளியே பூட்டவும் ஜன்னல்களுக்கெல்லாம் அசையாத இரும்புக் கம்பி வைக்கவும் ஊரார் சொல்வார்கள். களவுக்கு அஞ்சிச் செய்யும் அந்தப் பூட்டு, தீயின் வேளையில் என்ன செய்யும் என்பதை வாய்திறந்து எச்சரிக்காத ஆலோசகர், எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

முன்பணம் ஏற்கெனவே கைமாறி, அங்கீகாரம் பொய்யென்று தெரிந்தால், பாரதீய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான 318-ஆவது பிரிவின்கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சேவைக் குறைபாட்டுக்கு நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுக்குள் அணுக வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: பழைய 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறக்கட்டளை ‘நபர்’ ஆகாது, ஆகவே புகார் கொடுக்க முடியாது என்று 2017-இல் பிரதிபா பிரதிஷ்டான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அந்தச் சொல்லின் வரையறையை விரித்திருப்பதால் இப்போது வாதிட இடமிருக்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பு இந்த ஆட்சேபத்தை எழுப்பியே தீரும். ஒப்பந்த மீறலுக்காக மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடும் வழியையும் கைவிடாமல் வைத்திருங்கள்.

ஒரு காரியத்தை மட்டும் தாமதப்படுத்தாதீர்கள். தண்ணீர்த் தொட்டியும் இரண்டாவது படிக்கட்டும் அஸ்திவாரத்தோடு வர வேண்டியவை. சுவர் எழும்பிய பிறகு இடிக்காமல் அவற்றைச் சேர்க்க முடியாது. ஆகவே உங்கள் பொறியாளரை அழைத்துக்கொண்டு, அடுத்த தளம் போடுவதற்குமுன், நாமக்கல்லில் மாவட்டத் தீயணைப்பு அலுவலரையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தையும் வரைபடத்தோடு சென்று பாருங்கள். உங்கள் சர்வே எண் மலைப்பகுதிப் பாதுகாப்புக் கிராமங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.