மஹர் நகையும் மாற்றுச் சோதனையும்

சென்னையில் தங்கம் வாங்க தியாகராய நகருக்குப் போகாத முஸ்லிம் குடும்பம் அரிது எனலாம். நிக்காஹ் நிச்சயமானதும் பெரியவர்கள் பனகல் பூங்காவருகே இறங்கி, உஸ்மான் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குவது வழக்கம். 1934-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் பொறுப்பை வகித்த சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்கிய சாலை அது.

அங்கே நகை வாங்கும்போது எடையைத் தராசில் பார்க்கிறோம். விலையைப் பலகையில் பார்க்கிறோம். ஆனால் மாற்றை எதில் பார்க்கிறோம்? செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவர் கூறும் சாட்சியத்தை நம்பித்தான் வாங்குகிறோம். அந்தச் சாட்சி யார்? அவருடைய சாட்சியத்தைச் சோதித்தவர் யார்? இது வியாபாரக் கேள்வி மட்டுமன்று. மஹரையும் ஜகாத்தையும் தொடும் மார்க்கக் கேள்வியுமாகும். இம்மாதப் பாடத்தில் இதனையே ஆராய்வோம்.

ஒரு வீட்டில் நடந்தது

இராயப்பேட்டையில் நாம் அறிந்த ஒரு குடும்பம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த நிக்காஹில் மணமகன் ஐந்து பவுன் தங்கச் சங்கிலியை மஹராகக் கொடுத்தார். இருபத்திரண்டு காரட் என்று பேசி, ஒரு கடையில் நல்லெண்ணத்துடன் வாங்கிய நகை. மகனின் கல்லூரிச் செலவுக்காக அந்த அம்மையார் அதை விற்கப் போனபோது, கண்ணெதிரே உருக்கிச் சோதித்தார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குதான் தங்கம் என்று தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஐந்து பவுன் 40 கிராம். இருபத்திரண்டு காரட்டானால் அதில் சுத்தத் தங்கம் 36.6 கிராம் இருக்க வேண்டும். இருந்ததோ 30 கிராம். 6.6 கிராம் சுத்தத் தங்கம் குறைவு. இருபத்திரண்டு காரட் நகையாகக் கணக்கிட்டால் ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவான தொகை.

அக்கணவர் கடைக்காரரை ஏசவில்லை. நேரே ஆலிம் ஒருவரிடம் சென்று, “நான் மஹரைக் கொடுத்து முடித்தவனா, இல்லையா?” என்று கேட்டார். இன்ன தரம் என்று பேசி ஒப்புக்கொண்ட மஹரில் தரம் குறைந்திருந்தால், அந்தக் குறைவு கணவர் மீது கடனாக நிற்கும். மனைவி மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அது தீராது என்று விடை கிடைத்தது. அவர் அறிந்து செய்த குற்றம் எதுவுமில்லை. ஆனாலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கடனைத் தெரியாமலே சுமந்திருக்கிறார். மறுநாளே குறைவுக்கு ஈடான தங்கத்தை வாங்கி மனைவியின் கையில் கொடுத்தார்.

உரைகல் ஏன் போதவில்லை?

நம் முன்னோர் தங்கத்தை உரைகல்லில் உரைத்து மாற்றறிந்தார்கள். மாற்றுக் குறையாத மனிதர் என்று நல்லவரைப் புகழ்வதும் அந்தக் கல்லிலிருந்து பிறந்த வழக்கே. தேர்ந்த கைக்கு உரைகல் நல்ல கருவிதான். ஆனால் அது உரைத்த இடத்தின் மாற்றை மட்டுமே சொல்லும். பழைய சங்கிலிகளில் கண்ணிக்குக் கண்ணி பற்றவைத்திருப்பார்கள். பற்றாசில் செம்பும் வெள்ளியும் மிகுதி. கண்ணியை உரைத்தால் நல்ல மாற்று; மொத்தமாக உருக்கினால் குறைந்த மாற்று. செய்தவர் ஏமாற்ற நினைத்தாரோ, தொழில் பழக்கத்தால் செய்தாரோ, நஷ்டம் ஒன்றுதான்.

பின்னாளில் காட்மியம் சேர்த்துப் பற்றவைக்கும் முறை வந்தது. “கே.டி.எம்.” என்று கடைகளில் கூறப்பட்டது இதனையே. அது பற்றவைக்கும் முறையின் பெயரே தவிர, சுத்தத்திற்கான முத்திரையன்று. காட்மியத்தின் புகையோ நகை செய்யும் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கேடு.

ஆகவே மூன்று தேவைகள் எழுந்தன: எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவுகோல், முழு நகைக்கும் பொருந்தும் ஒரு சோதனை, விற்பவரும் வாங்குபவருமல்லாத மூன்றாவது சாட்சி.

அளவுகோலும் முத்திரையும்

நாட்டின் பொருள்களுக்குத் தரம் வகுப்பதற்காக 1947-இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. அதன் பணியை 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்று நடத்துகிறது. அதன் தென்மண்டல அலுவலகம் அடையாற்றை அடுத்த தரமணியில் இருக்கிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையிடும் திட்டத்தை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியதும் இந்த அமைவனமே. முதலில் விரும்பிய கடைக்காரர் மட்டும் சேர்ந்தார்கள். 2021 ஜூன் 23 முதல் இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது.

இருபத்திரண்டு காரட்டுக்கு 916, பதினெட்டுக் காரட்டுக்கு 750, பதினான்கு காரட்டுக்கு 585 என்பன ஆயிரத்தில் சுத்தத் தங்கத்தின் பங்கைக் குறிக்கும் எண்கள். 2021 ஜூலை முதல் நகையில் மூன்று குறிகள் இடப்படுகின்றன: அமைவனத்தின் சின்னம், காரட்டும் சுத்த எண்ணும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளம். கடைசியாகச் சொன்னதை எச்.யு.ஐ.டி. என்பர். ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி எண். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண்ணில்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக்கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்குக் கட்டாயமில்லை. ஆகவே மூக்குத்தி, சிறு தோடு ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

நெருப்பின் சாட்சியம்

சோதனை எப்படி நடக்கிறது? கடைக்குச் சம்பந்தமில்லாத, அங்கீகாரம் பெற்ற மையத்தில் முதலில் ஊடுகதிர்க் கருவியால் நகையை மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். பிறகு சிறு மாதிரி எடுத்து நுண்தராசில் நிறுத்து, அளந்த வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிகிறார்கள். நுண்துளைகள் கொண்ட சிறு கிண்ணத்திலிட்டு, ஏறத்தாழ 1100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் வைக்கிறார்கள். ஈயம் உருகி, செம்பு போன்ற உலோகங்களை இழுத்துக்கொண்டு கிண்ணத்தில் ஊறிவிடுகிறது. எஞ்சுவது தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி. அதைத் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துபோகிறது. மீந்த தங்கத்தை மறுபடி நிறுத்தால் மாற்று தெரிந்துவிடும்.

திருக்குர்ஆனின் அர்ரஃது அத்தியாயத்தில், ஆபரணத்துக்காக நெருப்பிலிட்டு உருக்கும் உலோகத்தின் நுரை ஒதுங்கிப் போவதையும், மக்களுக்குப் பயன்படுவது தங்கி நிற்பதையும் சத்தியத்திற்கும் அசத்தியத்திற்கும் உவமையாக அல்லாஹ் காட்டுகிறான். அந்த உவமையை இந்த உலையருகில் நின்று சிந்தித்தால் உள்ளம் நடுங்கும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அதே உலையில், அதே நேரத்தில், சுத்தமென்று உறுதியான தங்கத்துண்டு ஒன்றும் இதே பக்குவத்துக்கு உட்படுத்தப்படுகிறது. அதன் எடை கூடினாலோ குறைந்தாலோ, பிழை நகையில் இல்லை, தம் சோதனையில் இருக்கிறது என்று சோதகர் அறிந்து, தம் கணக்கைத் திருத்திக்கொள்கிறார். பிறர் பொருளை எடைபோடுமுன் தம்மையே எடைபோடுகிறார்! நாம் கணக்குக் கேட்கப்படும் முன்னர் நம்மை நாமே கணக்குக் கேட்டுக்கொள்ளும் முஹாஸபா என்பது இதுவன்றோ?

அத்துடன் முடியவில்லை. முத்திரையிடும் மையங்களையும் அமைவனம் தணிக்கை செய்கிறது. சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்து மறுபடியும் சோதிக்கிறது. முத்திரைக் கட்டணம் கடைக்காரரிடமிருந்தே மையத்துக்குப் போவதால், இந்த மேற்பார்வை தளர்ந்தால் சாட்சியமும் தளர்ந்துவிடும். சோதிப்பவரையும் சோதிக்க ஒருவர் வேண்டும்.

இது நமக்குப் புதிதா?

தானியக் குவியல் ஒன்றில் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவியதையும், மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மேற்பரப்பைக் கண்டு திருப்தியடையாமல் உள்ளே கைவிட்டுப் பார்க்கும் சுன்னத் அது.

நகையைப் பற்றியே ஒரு ஹதீஸ் உண்டு. கைபர் போர்க் காலத்தில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் தங்கமும் மணிகளும் கோத்த ஒரு மாலையைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கமே பன்னிரண்டு தீனாரைத் தாண்டியிருந்தது. இதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், பிரித்தறியும் வரை அத்தகைய மாலையை விற்கலாகாது என்று தீர்ப்பளித்தார்கள். கல்லையும் அரக்கையும் தங்கத்தோடு சேர்த்து நிறுக்கும் கடையில் நிற்கும்போது இந்த மாலை நம் நினைவுக்கு வரட்டும்.

ஹிஜ்ரி 77-இல் கலீஃபா அப்துல் மலிக் அடித்த தீனார்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் எடை ஏறத்தாழ 4.25 கிராம். இருபது தீனார் என்ற ஜகாத் நிஸாபை 85 கிராம் என்று பலர் கணக்கிடுவது இதைக்கொண்டே. அன்று ஒழுங்காக வகுத்த ஓர் அளவு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வணக்கத்துக்கு உதவுகிறது!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், கடைவீதியை மேற்பார்க்கும் முஹ்தஸிப் எவரெவரைச் சோதிக்க வேண்டும் என்று கூறுகிறது. அதில் பொற்கொல்லரும் நாணயம் மாற்றுவோரும் மட்டுமல்ல, மருத்துவரும் கண் வைத்தியரும் எலும்பு கட்டுவோரும் இடம்பெறுகின்றனர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நல்ல நாணயத்தையும் போலியையும் பிரித்தறிவதற்கு அரபியில் ‘நக்து’ என்று பெயர். ஹதீஸ்களை ஆய்ந்த இமாம்களின் கலைக்கும் அதே பெயர்தான். செய்தியை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. அறிவித்தவரின் வாய்மையையும் நினைவாற்றலையும் சோதித்தார்கள். பக்திமானாக இருந்தும் நினைவு தவறுபவராயின் அவர் அறிவிப்பை நிறுத்திவைத்தார்கள். நல்ல எண்ணம் வேறு, நம்பத்தக்க சாட்சியம் வேறு என்பதை உலகுக்குக் கற்பித்த சமுதாயம் நாம். அந்நாமே இன்று, “தெரிந்த கடை, பாய் சொன்னால் சரியாக இருக்கும்” என்று கண்ணை மூடிக்கொள்வது தகுமா?

நாம் செய்யவேண்டியவை

முதலாவது: நிக்காஹ் பதிவேட்டில் ‘ஐந்து பவுன்’ என்று மட்டும் எழுதாமல், எத்தனை கிராம், எத்தனை காரட் என்பதையும் எழுதுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் இதை வழக்கமாக்கினால், வருங்காலத்தில் பல வழக்குகள் தவிர்க்கப்படும்.

இரண்டாவது: ரசீதில் தங்கத்தின் நிகர எடை, காரட், முத்திரைக் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்கவேண்டும். கல்லின் எடையைத் தங்கத்தில் சேர்க்க விடாதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது: அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் ஆறிலக்க எண்ணைப் பதிந்து பாருங்கள். அங்கே தெரியும் நகையின் வகையும் சுத்தமும், கையிலுள்ள நகையோடு பொருந்துகின்றனவா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள்.

நான்காவது: பெட்டியிலிருக்கும் பழைய நகையை, அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிறு கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஹால்மார்க் நகையில் மாற்றுக் குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற 2018-ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு.

ஐந்தாவது: ஜகாத்துக்கு மாற்றறிவது அவசியம். பதினெட்டுக் காரட் நகை 100 கிராம் இருந்தால் அதில் சுத்தத் தங்கம் 75 கிராமே. ஷாஃபிஈ மத்ஹபில் நிஸாபுக்குச் சுத்தத் தங்கமே கணக்கு. ஹனஃபீ மத்ஹபில் தங்கம் மிகுந்திருந்தால் முழுவதும் தங்கமாகவே கருதப்படும். பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதிலும் இவ்விரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடுண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் நகையின் மாற்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கையெழுத்தும் ஒரு சாட்சியமே

தங்கத்தோடு இந்தப் பாடம் முடியவில்லை. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்திலும், தோல் ஆய்வுக் கூடத்திலும், கட்டடப் பணியிலும், மருந்து ஆலையிலும் வேலை செய்கிறார்கள். சிமெண்டுக் கலவையைச் சோதித்ததாகக் கையெழுத்திடும் பொறியாளரும், இயந்திரம் பழுதென்று தெரிந்தும் நேற்றைய எண்ணை இன்றைய தாளில் எழுதும் ஊழியரும் சாட்சி சொல்பவர்களே. அளவில் குறைப்போருக்குக் கேடு என்று அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குவதைத் தராசு பிடித்தவர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணலாமா? அளக்கும் பொறுப்பேற்ற ஒவ்வொரு கையையும் அது பிடித்து நிறுத்துகிறது.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: “நீ சோதிக்காததைச் சோதித்தேன் என்று எழுதாதே. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் எழுதாதே. உன் கையெழுத்தை நம்பி ஒரு தாய் மருந்து கொடுக்கிறாள். ஒரு குடும்பம் ஒரு கூரையின் கீழ் உறங்குகிறது.”

அந்த இராயப்பேட்டை வீட்டில் இப்போது மகளுக்கு நிக்காஹ் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்தத் தகப்பனார் கேட்டது அதிக மஹரன்று. “எவ்வளவு கொடுத்தாலும் சரி, மாற்றை எழுதிக் கொடுங்கள். என் மருமகன் தெரியாத கடனோடு அல்லாஹ்வின் முன் நிற்கக்கூடாது” என்பதே அவர் கேட்டது.

அளவையும் நிறுவையையும் நேராக்கி, நம் சொல்லையும் கையெழுத்தையும் மாற்றுக் குறையாததாக ஆக்கி, மறுமையின் தராசில் நம் நன்மைகளைக் கனமாக்கி வைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.