கதவு திறந்திருந்தால் போதுமா?

பாதுகாப்புப் பயிற்சி நடத்த எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதே வசனம்தான். நிர்வாக இயக்குநரும் சொல்கிறார், யூனிட் சீஃபும் சொல்கிறார்: “என் ரூம் கதவு எப்பவும் திறந்தேதான் கிடக்கு. யாரும் வந்து ஒண்ணும் சொல்லலை. அப்புறம் என்ன குறை?” கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குறை காதுக்கு வரவில்லை என்றால் குறையே இல்லை என்று நினைக்கும் இந்த நம்பிக்கையை முதலில் ஒழித்தாக வேண்டும்.

ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஏமி எட்மண்ட்சன், இரண்டு மருத்துவமனைகளின் வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை இருக்கும் வார்டில் தவறு குறையும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம்! அந்த வார்டுகளில் நடந்ததைப் பயமின்றிச் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் திட்டுக்குப் பயந்து மூடி மறைத்தார்கள் என்பதே அவர் கண்டறிந்த காரணம். ஆய்வு 1996-ல் வெளியானது. இன்னமும் இங்கே, “எங்க யூனிட்ல ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட இல்லை” என்று பெருமையடிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே படுக்கப் போகும் நோயாளியை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, ஒருவர் துணிந்து வாயைத் திறந்தால்? 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு, மூடுபனி. கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. எதிரே பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். இன்ஜினியர் அதற்குமேல் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். அந்தக் கேப்டன் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். அவரிடம் இரண்டாம் முறை யார் கேட்பார்? 2010 மே 22, மங்களூரு. இறங்க வேண்டாம், மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார். கேப்டன் இறக்கினார். 158 பேர் போனார்கள். இவர்களுக்கு நடுவே கதவே கிடையாது ஐயா, ஒரே விமானி அறை!

மருத்துவமனையிலும் கதவை யாரும் பார்ப்பதில்லை; போன தடவை குறை சொன்னவருக்கு என்ன நடந்தது என்றுதான் ஊழியர்கள் கவனிக்கிறார்கள். அடுத்த மாத ரோஸ்டரில் யாருக்கு நைட் டியூட்டி கூடியது என்று சிஸ்டர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே சீஃப் அவர்களே, எழுந்து போய் நீங்களே கேளுங்கள். “ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்றால் “இல்ல சார்” என்றுதான் பதில் வரும். “இன்னிக்கு லிஸ்ட்ல எந்த கேஸ் உங்களுக்கு உறுத்துது?” என்று கேளுங்கள். உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்னால், முதலாண்டு பி.ஜி. மாணவரிடம் முதலில். அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் அதற்கு என்ன செய்தீர்கள், செய்யவில்லையென்றால் ஏன் என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

புகார்ப் பெட்டி வைத்தால் போதும் என்பார்கள் சிலர். அதில் மொட்டைக் கடுதாசி விழும். எழுதியது யாரென்று கையெழுத்து ஆராய்ச்சி நடக்கும். அமெரிக்காவில் 1976-லிருந்து விமானிகள் பெயர் போட்டே தவறுகளை எழுதி அனுப்புகிறார்கள். அதை வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசா. சந்தேகம் இருந்தால் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு, பெயரை நீக்கிவிடுகிறார்கள்.

விமர்சனத்தைக் கேட்டால் மரியாதை போய்விடுமாம். முதுகுக்குப் பின்னால் அது ஏற்கெனவே போய்விட்டது. குறையைப் பாராட்டுக்கு நடுவே வைத்துச் சொல்ல ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள், அந்த வகுப்பில் உட்கார வேண்டியவர் யார் என்று கொஞ்சம் யோசிக்கட்டும்.

இதெல்லாம் முடியாதென்றால், உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொடுத்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலையாவது வாய்விட்டுப் படியுங்கள். கத்தி வைக்கும் முன் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்கிறது அது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. நம் தியேட்டர்கள் பலவற்றில் கேஸ் முடிந்த பிறகு ஒரு சிஸ்டர் மூலையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் அடிக்கிறார். ஆரம்பத்திலேயே ஒருமுறை வாய் திறந்து பேசியவருக்குத்தான், மாப் (ரத்தம் ஒற்றும் துணி) கவுண்ட் இடிக்கும்போது “சார், தையலை நிறுத்துங்க” என்று சொல்லத் துணிவு வரும். பட்டியலைப் படிக்க ஆகும் ஓரிரு நிமிடத்தால் லிஸ்ட் தாமதமாகிறது என்று சலித்துக்கொள்ளும் சீஃப், லிஸ்டில் ஒரு கேஸைக் குறைத்துக்கொள்ளட்டும்.