புது ருசி வீட்டுக்குள் வரும் வழி

அன்புத் தம்பிக்கு,

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து, வீட்டுச் சமையலில் பாதியை உன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. விதவிதமாகச் செய்துபார்க்க ஆசை இருக்கிறது, ஆனால் செய்ததை வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். உன் வயதில் அடுப்படிக்கு வருகிற பலருக்கும் இதே மனக்குறை உண்டு. அதனால் உனக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீ புதுப் பண்டத்தை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வைக்கிறாய். காலையிலிருந்து நறுக்கி, அரைத்து, வீட்டில் இல்லாத சாமான்களைத் தேடி வாங்கி, ஒன்றரை மணிக்கு எல்லோரும் பசியோடு உட்காரும்போது அது ஒன்றுதான் தட்டில் இருக்கிறது. நீயோ அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். சாப்பிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பார். நன்றாக இல்லை என்று சொல்லவும் மனம் வராது, இன்னொரு முறை செய் என்று சொல்லவும் வாய் வராது.

புதுசை வார நாளில் செய். சின்னச் சட்டியில் செய். வழக்கமான சாம்பாரும் சோறும் இருக்கட்டும். தொட்டுக்கொள்ள வைக்கும் இடத்தில் இரண்டு கரண்டி புதுசு இருக்கட்டும். பிடித்தவர்கள் இன்னும் கொஞ்சம் கேட்பார்கள், பிடிக்காதவர்கள் அரை வயிற்றோடு எழுந்திருக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வாய் என்றால் இதை வைத்துக்கொள்.

நம் சமையலே இப்படி வளர்ந்ததுதான். சம்பிரதாயம் பார்க்கிற வீடுகளில் திவசத்தன்று என்ன சமைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேனை, சேப்பங்கிழங்கு எல்லாம் உண்டு. தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் கிடையாது. பின்னால் வந்து சேர்ந்தவை எவை என்று அந்த இலையைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான், போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இந்தப் பக்கம் வந்தது. முந்திரியும் பப்பாளியும் அன்னாசியும் அவர்கள் வழியாக வந்தவைதான். கோஸும் காரட்டும் நமக்கு மலைக்காய்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிடத் தொடங்கினார்.

வந்த காய்களை நம் பாட்டிமார் என்ன செய்தார்கள் என்பதுதான் நீ பார்க்க வேண்டியது. கோஸை வெள்ளைக்காரன் சமைத்தமாதிரி அவர்கள் சமைக்கவில்லை. பொடியாக நறுக்கி, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, ஊறவைத்த கடலைப்பருப்பைச் சேர்த்து, இறக்கும்போது தேங்காய்த் துருவலைத் தூவினார்கள். பீன்ஸ் பருப்பு உசிலி ஆனது. சௌசௌ கூட்டில் சேர்ந்தது. உருளைக்கிழங்குக்குப் பொடிமாஸும் காரக்கறியும் கிடைத்தன. காய் ஒன்றுதான் புதுசு. வாணலி, தாளிப்பு, பக்குவம் எல்லாம் பழசு. பழக்கப்பட்ட மணம் முதலில் மூக்கில் ஏறியதால், பழகாத காயை நாக்கு மறுக்கவில்லை. இந்தப் பாதை இன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. புரோக்கோலியை முதல் தடவை வெண்ணெயிலும் சீஸிலும் வைக்காதே, பொரியலாக வை. சுக்கினி கிடைத்தால் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு செய். சுரைக்காய்க்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, சென்னையில் பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் இன்றும் விற்கிறது. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வறுவல் எல்லாவற்றையும் கையால் பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப். அங்கே சாமானில் புதுசு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. புளி நம்முடையது, வாழைத்தண்டு நம்முடையது. சேர்மானமும் செய்முறையும்தான் புதுசு. காயைப் புதுசாக்கி முறையைப் பழசாக வைக்கலாம். முறையைப் புதுசாக்கி சாமானைப் பழசாக வைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் சட்டியில் எது சரியாக வரவில்லை என்று உனக்கே தெரியாமல் போய்விடும். உன் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது என்று கேட்கப் பழகு. பிரண்டைத் துவையலை எடுத்துக்கொள். இளம் தண்டாகப் பார்த்து வாங்கு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, ஓரத்து நாரை உரித்து, சின்னத் துண்டுகளாக நறுக்கு. இருப்புச் சட்டியில் தாராளமாக எண்ணெய் விட்டு, பச்சை நிறம் மங்கித் துண்டுகள் சுருங்கும்வரை நிதானமான தீயில் வதக்கு. உளுத்தம்பருப்பும் வற்றல் மிளகாயும் தனியாக வறுபடட்டும். புளி கட்டாயம் வேண்டும். பிறகு உப்பும் தேங்காயும் சேர்த்துக் கெட்டியாக அரை. இதில் எண்ணெய் தடவுவதும் நெடுநேரம் வதக்குவதும் புளி சேர்ப்பதும் சும்மா சொல்லிவைத்தவை அல்ல. பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கையும் நாக்கும் அரிப்பது அவற்றால்தான். வதக்கலும் புளியும் அந்த அரிப்பை அடக்குகின்றன. அவசரத்தில் அரைகுறையாக வதக்கினால் வீட்டில் பிரண்டையின் பெயரையே எடுக்க விடமாட்டார்கள். சேனைக்கும் சேம்புக்கும் புளித்தண்ணீர் சேர்ப்பதற்குக் காரணம் இதேதான். ஒன்றின் காரணம் தெரிந்தால் அடுத்த நாலு பண்டங்களுக்குக் குறிப்பே தேவைப்படாது.

சில இடங்களில் காரணம் தெரியாவிட்டால் ருசி மட்டும் போகாது, உடம்புக்கே வரும். ராஜ்மா நம் வீடுகளுக்குப் புதுசு. சுண்டல் கடலைபோல நினைத்து முக்கால் வேக்காட்டில் இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதில் இருக்கும் ஒருவகைப் புரதம் சரியாக வேகாவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். ராத்திரியே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வைத்து, விரலால் அழுத்தினால் மாவாக நசுங்கும்வரை வேகவை. மரவள்ளிக்கிழங்கையும் தோலும் உள்தோலும் உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். சில வகைக் கிழங்குகளில் சயனைடு உண்டாக்கும் பொருள் கூடுதலாக இருக்கும். கடையில் வாங்கும் காளான் சரி. காட்டிலும் வேலியோரத்திலும் முளைத்ததை, அதை அறிந்தவர் துணை இல்லாமல் தொடவே தொடாதே. இந்த விஷயங்களில் சொந்தச் சோதனை வேண்டாம்.

சிறுதானியம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தாய். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்தப் பரபரப்பில் பல வீடுகளில் சாமையும் வரகும் பொட்டலம் பொட்டலமாக வந்து இறங்கின. பாதிப் பொட்டலம் வண்டு பிடித்துக் குப்பைக்குப் போனதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. பழுது தானியத்தில் இல்லை. அரிசிச் சோற்றை ஒரே நாளில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வரகுச் சோற்றை வைத்து, சாம்பாரை ஊற்றினால் யாருக்குத்தான் இறங்கும்? இட்லி மாவில் கால் பங்கு அரிசிக்குப் பதில் சாமையைப் போட்டு அரை. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிறகு வெண்பொங்கல். குதிரைவாலியிலும் சாமையிலும் பொங்கல் அருமையாக வரும். மிளகும் நெய்யும் அவற்றோடு ஒட்டும். தனிச் சோறாக வைப்பது கடைசி. அப்போது அரைமணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தண்ணீர் சுண்டியதும் அணைத்துப் பத்து நிமிஷம் மூடி வை. முள்கரண்டியால் உதிர்த்துவிட்டுச் சூட்டோடு பரிமாறு. ஆறினால் கெட்டித்துப்போகும், ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போவதானால் எலுமிச்சைச் சாதமாகவோ தயிர்ச் சாதமாகவோ கலந்துகொண்டு போ. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பட்டை தீட்டாத அரிசிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது. அவற்றை ராத்திரியே ஊறப்போட்டால்தான் காலையில் வேகும்.

வீடியோ பார்த்துச் சமைப்பதில் தவறில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கடைசிவரை பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவை. முதல் தடவை சொன்னபடியே செய். பூண்டு இல்லை, அதற்குப் பதில் இஞ்சி, தயிர் இல்லை, அதற்குப் பதில் எலுமிச்சை என்று முதல் தடவையே கைவைத்தால் நீ செய்தது அந்தப் பண்டமே இல்லை. இரண்டாம் தடவை உன் வீட்டு நாக்குக்குத் தக்கபடி ஒன்றை மாற்று. ஒரு நோட்டு வைத்துக்கொள். அளவு, எவ்வளவு நேரம் வெந்தது, என்ன மாற்றினாய், யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டபோது ஆழாக்குக் கணக்கில் அளவு சொல்லி எழுதினார். கை அளவாக, கண் அளவாக வீட்டுக்குள் இருந்த ஒன்றை, அம்மாவும் மாமியாரும் பக்கத்தில் இல்லாத பெண்கள்கூடச் செய்யும்படி அந்த அளவுகள் ஆக்கின. அந்தப் புத்தகம் இன்றும் விற்கிறது. உன் நோட்டும் ஒருநாள் இன்னொருவருக்குப் பயன்படும். ‘உப்பு தேவையான அளவு’ என்று மட்டும் எழுதி வைக்காதே.

சாப்பிடுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். உன் அப்பா ஊரிலிருந்து வந்து தங்கும்போது, ரசமும் மோரும் இல்லாத சாப்பாட்டை அவருக்கு வைக்காதே. அறுபது வருஷமாக அந்த வயிறு பழகிய ஒழுங்கு அது. அதை மதிப்பது சமைக்கிறவன் கடமை. குழந்தைகள் விஷயம் வேறு. புதுச் சுவை ஒன்றை ஏற்பதற்கு முன் எட்டுப் பத்து முறையாவது அதைக் குழந்தை சந்திக்க வேண்டியிருக்கும் என்று குழந்தை உணவு பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் வீட்டுக் குழந்தை கீரையைத் துப்பினாள் என்று கோபப்படாதே, மிரட்டி ஊட்டாதே. அடுத்த வாரம் ஒரு வாய் அளவு மறுபடி வை, நீ அவள் எதிரில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடு. உன் மனைவிக்குப் பிடிக்காததை, உடம்புக்கு நல்லது என்ற பெயரில் திணிக்காதே. ஒரு பண்டம் வீட்டில் தங்கிவிட்டதா என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல், நீ சமைக்காத நாளில் அவர்களே அதைச் செய்கிறார்களா என்பதுதான்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறக்குமதி பாட்டில்களால் அலமாரி நிறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒரு பண்டத்துக்கு மட்டும் உதவும் பாட்டிலை இனி வாங்காதே. கினோவாவுக்குக் கொடுக்கும் காசில் நம் மலைகளில் விளையும் சாமையை நிறைய வாங்கலாம், விளைவித்தவருக்கும் நாலு காசு சேரும். பட்டர் ஃப்ரூட் வேண்டுமென்றால் கொடைக்கானல் கீழ்மலையில் விளைவதைத் தேடி வாங்கு. முடக்கத்தான், தூதுவளை, புளிச்சக்கீரை, வாழைப்பூ இவையெல்லாம் உன் தலைமுறைக்கு வெளிநாட்டுக் காய் அளவுக்கே புதுசு. வாழைப்பூவில் கள்ளனை எடுக்கத் தெரிந்தவர்கள் உன் அடுக்ககத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று விசாரித்துப் பார். கள்ளன் என்பது ஒவ்வொரு பூவுக்குள்ளும் விறைப்பாக நிற்கும் நரம்பு, அது வேகாது. தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்.

இந்த வாரம் உழவர் சந்தைக்குப் போ. இதுவரை நீ வாங்காத காயோ கீரையோ ஒன்றே ஒன்று, கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், ஒரு கட்டுக்கு மேல் வேண்டாம். எப்படிச் சமைப்பது என்று விற்கிற அம்மாவிடமே கேள். அவர் வீட்டில் எப்படிச் செய்வார்கள் என்று கேள். புதன்கிழமை செய்துபார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா